வயிற்றில் யாரும் இல்லை

அன்றைக்கு அந்த அறையில் இருந்தவர்களைச் சொல்லிவிடுகிறேன்.

கட்டிலில் நான். முழங்காலை மடக்கிப் படுத்திருந்தேன்.

கால்மாட்டில் என் வீட்டுக்காரர். கொத்து வேலைக்குப் போகிற சட்டையோடு வந்திருந்தார்.

கதவோரம் என் நாத்தனார். அவருக்கு அக்கா. முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு நின்றார்.

என் வலப் பக்கம் வெள்ளைக் கோட்டுப் போட்ட பெண். ஊசி போடாத டாக்டர்.

இவர்கள் நான்கு பேர். ஐந்தாவதாக ஒருவர் என் வயிற்றுக்குள் இருப்பதாக நாத்தனார் சொன்னார். அவரைச் சேர்ப்பதா வேண்டாமா என்று முடிவு செய்யத்தான் எல்லோரும் வந்திருந்தோம்.

எனக்குப் பிள்ளை பெற்ற வயிறு இறங்கவே இல்லை. ஒரே பேறுகாலத்தில் இரண்டு பிள்ளைகள். பையன் ஒன்று, பொண்ணு ஒன்று. டில்லியில் பெரிய ஆஸ்பத்திரியில் பெற்றேன். போதும் என்று அங்கேயே குடும்பக் கட்டுப்பாடு ஆபரேசனும் செய்துகொண்டேன்.

எங்கள் பக்கம் பிள்ளை பெற்றவளுக்குப் பழைய சேலையை மடித்து வயிற்றைக் கட்டுவார்கள். கட்டினால்தான் வயிறு உள்ளே போகும் என்பார்கள். என் அம்மா வரவில்லை. நாத்தனார்தான் கட்டினார். ஆபரேசன் தையலின் மேல் சேலை அழுத்தியது. வலி தாங்கவில்லை. அவர் அந்தப் பக்கம் போனதும் அவிழ்த்துவிட்டேன். நாத்தனார் அதை மறக்கவே இல்லை. யார் என் வயிற்றைப் பார்த்தாலும், "நான் கட்டுனத அவுத்துப் போட்டா, அனுபவிக்கிறா" என்பார்.

அனுபவித்தேன். பிள்ளைகளுக்கு ஒன்பது வயதாகியும் என் வயிறு ஆறு மாதத்திலேயே நின்றது. கை கால் எல்லாம் குச்சி. வயிறு மட்டும் முன்னால் போகும். படுத்து எழும்போது நடுவில் ஒரு முகடு எழும்பும், மீன் முதுகு மாதிரி. தண்ணீர் வாளி தூக்கினால் இடுப்பு விட்டுப்போகும். நான் அதைப் பெரிதாக நினைக்கவில்லை. வேலை இருந்தது. லக்ஷ்மிபாய் நகரில் சர்க்கார் குவார்ட்டர்ஸில் மூன்று வீடு. பாத்திரம், துணி, வீடு துடைப்பது.

பஸ்ஸில் எனக்கு எழுந்து இடம் கொடுப்பார்கள். "பைட்டியே, பைட்டியே" என்பார்கள். முதலில் உட்காரமாட்டேன். அப்புறம் உட்கார்ந்தேன். மூன்று வீட்டு வேலை செய்துவிட்டு வருகிறவள் கிடைத்த இடத்தை விடுவாளா.

ஒரு நாள் அப்படி உட்கார்ந்து வரும்போது பின்னால் நாத்தனார் நின்றுகொண்டிருந்தார். நான் பார்க்கவில்லை. இறங்கியதும் பிடித்துக்கொண்டார்.

"ஏண்டி, அந்த ஆளு உனக்கு எதுக்கு எழுந்து எடம் குடுத்தான்?"

"புள்ளத்தாச்சின்னு நெனச்சுக்கிட்டான் அண்ணி."

"நீ சொன்னியா?"

"நான் எதுக்குச் சொல்றன்? அவனா எழுந்தான்."

"டில்லிக்காரன் சும்மா எழுந்திருப்பானா? சாவப்போற கெழவிக்கே எழுந்திரிக்கமாட்டானுவ."

அன்று அவர் என் வயிற்றைப் பார்த்த பார்வை வேறு மாதிரி இருந்தது. அத்தனை வருடம் திட்டத்தான் பார்த்தார். அன்று எண்ணிப் பார்த்தார்.

என்ன எண்ணினார் என்று எனக்குத் தெரியும். என் வீட்டுக்காரர் அப்போது டில்லியில் இல்லை. பஞ்சாப் பக்கம் ஒரு கட்டட வேலைக்குப் போயிருந்தார். போய் ஐந்து மாதம் ஆகியிருந்தது.

நாத்தனார் வீடு எங்கள் ஜுக்கிக் குடிசையிலிருந்து மூன்றாவது கதவு. அதற்குப் பிறகு எப்போது திரும்பினாலும் அவர் இருந்தார். குழாயடியில் எனக்குப் பின்னால் குடம் வைப்பார். நான் புளி வாங்கினால், "புளிப்பு கேக்குதோ?" என்பார். வாந்தி எடுக்கிறேனா என்று காலையில் வந்து நிற்பார்.

"ஏண்டி, எல்லாம் ஒழுங்காத்தான இருக்குது?"

"என்னா ஒழுங்கு?"

"அதாண்டி. மாசா மாசம்."

"இருக்குது."

"நான் பாக்கலியே."

"அத நீங்க எதுக்கு அண்ணி பாக்கணும்?"

அந்தத் துணியை யாரும் கொடியில் தெரியக் காயப்போடமாட்டோம். பாவாடைக்கு அடியில் போட்டு மறைப்போம். அந்த மாதம் நான் மறைக்கவில்லை. சந்தில் எல்லோருக்கும் தெரியும்படி அவர் வாசலுக்கு நேரே போட்டேன். என் ஆயுசில் செய்யாத வேலை.

நாத்தனார் வெளியே வந்தார். பார்த்தார்.

"கற தெரியுது" என்றார். "கோழி அறுத்த எடத்துலகூட கற ஆவும்."

அதற்கு மேல் என்ன காட்டுவது. விட்டுவிட்டேன்.

அந்த வாரமே அவர் எஸ்.டி.டி. பூத்திலிருந்து வெளியே வருவதைப் பார்த்தேன். "ஊருக்குப் பேசினன்" என்றார். ஊரில் அவர் பேசுவதற்கு யாரிடமும் போன் இல்லை.

நான் சேலையை இறுக்க ஆரம்பித்தேன். பழைய நூல் சேலையைக் கிழித்து, பிள்ளை பெற்றபோது அவிழ்த்துப் போட்ட கட்டை ஒன்பது வருடம் கழித்துக் கட்டினேன். மூச்சு முட்டக் கட்டினேன். வயிறு கொஞ்சம் உள்ளே போனது. துணி பிழியக் குனிந்தால் மேலேயும் கீழேயும் பிதுங்கியது. பக்கத்து சந்துப் பெண்ணொருத்தி, "ஆபரேசன் பண்ணவளுக்கும் நிக்கும், எங்க சித்திக்கு நின்னுது" என்று சொல்லிவிட்டுப் போனாள். அப்போது எனக்கே சந்தேகம் வந்தது. படுத்துக்கொண்டு கையை வைத்துப் பார்ப்பேன். என்னை நானே நம்பவில்லை.

நான் வேலை செய்த வீடு ஒன்றில் தமிழ் அம்மா. ஆபீஸ் உத்தியோகம். அவர் மகள் பிரசவத்துக்கு வந்திருந்தாள். குழந்தை பிறந்து ஒன்றரை மாதம். அவளுக்கு எக்ஸர்சைஸ் சொல்லித்தர ஒரு பெண் வீட்டுக்கே வந்தாள். இந்திக்காரப் பெண். சின்ன வயசு. வெள்ளைக் கோட்டு.

நான் அந்த அறையில் போச்சா போட்டுக்கொண்டிருந்தேன். கட்டிலுக்கடியில் துணியை விட்டுத் துடைத்துக்கொண்டே பார்த்தேன். மகளைப் படுக்க வைத்தாள். தலையைத் தூக்கச் சொன்னாள். தொப்புளுக்கு மேல் விரலை நட்டு வைத்தாள்.

"தோ உங்க்லி" என்றாள். இரண்டு விரல்.

வயிற்றுத் தசை நடுவில் பிரிந்து, இரண்டு விரல் போகிற அளவு சந்து விழுந்திருக்கிறதாம். மகள் அழ ஆரம்பித்துவிட்டாள். "ரெண்டு விரலா? ஐயோ, இது சேராதாம்மா?" என்று அம்மாவிடம் கேட்டாள்.

நான் வாளியை எடுத்துக்கொண்டு பாத்ரூமுக்குப் போனேன். தாழ் போட்டேன். கட்டை அவிழ்த்து ஈரத் தரையில் படுத்தேன். தலையைத் தூக்கினேன். முகடு எழுந்தது. விரலை வைத்தேன். ஒரு விரல் போனது. இரண்டு போனது. கட்டை விரல் தவிர நான்கும் போயின.

இரண்டுக்கே அந்தப் பெண் அழுகிறாள் என்று நினைத்தேன். எழுந்து பாத்ரூமைக் கழுவிவிட்டு வெளியே வந்தேன்.

யாரிடமும் சொல்லக்கூடாது என்றுதான் இருந்தேன். அடுத்த தடவை வந்தபோது அந்த வெள்ளைக் கோட்டுப் பெண்ணே என்னைப் பிடித்துவிட்டாள். நான் தரையிலிருந்து எழுந்த விதத்தைப் பார்த்துவிட்டு, "ஆன்ட்டி, ஏக் மினிட்" என்றாள். பிள்ளைக்கு என்ன வயசு என்று கேட்டாள்.

"நௌ" என்றேன்.

"நௌ மஹீனே?" ஒன்பது மாதமா என்று கேட்டாள்.

"நௌ சால்."

அந்த அம்மா சோபாவிலிருந்து நிமிர்ந்தார்.

"ஒன்பது வருஷமா? ஏன் நீ சொல்லவே இல்லே? நான் உனக்கு இன்னொண்ணு வரப்போறதுன்னு நெனச்சுண்டு, எதிர்வீட்டுல வேற ஆள் பாக்கச் சொல்லிட்டேனே!"

வேற ஆள் பார்க்கச் சொல்லி எத்தனை நாள் ஆனதோ. தினமும் அவர் கையால் டீ வாங்கிக் குடித்துக்கொண்டிருந்தேன்.

வெள்ளைக் கோட்டுப் பெண் சனிக்கிழமைகளில் ஒரு தர்ம ஆஸ்பத்திரியில் உட்காருவாளாம். அங்கே வா, சரிசெய்யலாம் என்றாள்.

சும்மா எதற்குக் கூப்பிட வேண்டும்? இந்த ஊரில் சும்மா வைத்தியம் என்று கூட்டிப்போய் கிட்னியை எடுத்துக்கொண்டு அனுப்பிவிடுவார்கள் என்று எங்கள் சந்தில் பேச்சு. நான் போனேன். போகும்போது காய் வெட்டுகிற கத்தியை முந்தானையில் முடிந்து இடுப்பில் சொருகிக்கொண்டேன். படு என்றாள். கத்தியோடு படுக்க முடியவில்லை. எடுத்து ஸ்டூலில் வைத்தேன்.

அவள் கத்தியைப் பார்த்தாள். "சப்ஜி கே லியே?" என்றாள்.

ஆமாம், காய்கறிக்குத்தான் என்றேன்.

சிரிக்கவில்லை. அதனால் அவளைக் கொஞ்சம் நம்பினேன்.

முதலில் வயிற்றில் பிள்ளை உண்டா என்று டெஸ்ட் எடுக்க அனுப்பினாள். இல்லை என்று வந்தது. அப்புறம்தான் தொட்டாள். நான்கு விரல் என்றாள். சொன்னது சரியாக இருந்தது.

மாத்திரை எழுதுவாள் என்று பார்த்தேன். இல்லை. ஊசி இல்லை. மூச்சு விடச் சொன்னாள். முழங்காலை மடக்கிப் படுத்து, காலுக்கிடையில் தலகாணியை இடுக்கி, "சாஸ் சோடோ" என்றாள். மெதுவாக மூச்சை வெளியே விடவேண்டும். விடும்போது தொப்புளை முதுகுப் பக்கம் இழுக்க வேண்டும். அவ்வளவுதான் வைத்தியம். மூச்சு நான் பிறந்ததிலிருந்து விட்டுக்கொண்டுதான் இருக்கிறேன்.

இன்னும் சொன்னாள். படுக்கையிலிருந்து நேரே எழாதே. ஒருக்களித்துக் கையை ஊன்றி எழு. வாளியைப் பாதி நிரப்பு. மூச்சைப் பிடித்துக்கொண்டு எதையும் தூக்காதே. கடைசியாக, கட்டாதே என்றாள். இறுக்கிக் கட்டிக்கொண்டு பாரம் தூக்கினால் வயிறு போக இடமில்லாமல் அந்தச் சந்து வழியாகத்தான் பிதுங்குமாம். தசை தானாக வேலை செய்ய மறந்துபோகுமாம்.

கட்டாதே என்றதும்தான் எனக்கு முழுச் சந்தேகம் வந்தது. உலகத்தில் பிள்ளை பெற்றவளைக் கட்டாதே என்று சொன்ன முதல் ஆள் இவள்.

ஆனாலும் செய்தேன். ஏன் செய்தேன் என்றால், அந்த நான்கு விரலை நானே வைத்துப் பார்த்திருந்தேன். அவள் பொய் சொன்னால் என் விரல் சொல்லிவிடும்.

வீட்டில் செய்வதற்கு நேரம் மத்தியானம்தான். வேலை முடிந்து வருவேன். பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில் இருக்கும். தகரக் கதவைச் சாத்தித் தாழ் போடுவேன். நாத்தனாரிடம் சொல்லவில்லை. சொன்னால் என்ன சொல்வார் என்று தெரியும். வயிற்றை அமுக்கச் சொல்கிற டாக்டர் எதற்கு அமுக்கச் சொல்வாள் என்பார்.

இரண்டு மாதத்துக்கு மேல் செய்தேன். இடுப்பு வலி குறைந்தது. வயிறு பார்வைக்கு அப்படியேதான் இருந்தது. கட்டை எடுத்துவிட்டதால் முன்பைவிடப் பெரிதாகத் தெரிந்தது. நாத்தனார் அதையும் பார்த்தார்.

ஒரு மத்தியானம் கதவைத் தட்டினார்கள். தட்டவில்லை, இடித்தார்கள்.

"கதவத் தொறடி!"

"யாரு?"

"யாருன்னா கேக்குற? உள்ள யாருடி, அத மொதல்ல சொல்லு!"

நான் ஒருக்களித்து எழுந்தேன். அவசரத்திலும் நேரே எழவில்லை. அதற்குள் வெளியே பேச்சு கேட்டது.

"கேட்டியா தம்பி? நீயே காத வச்சிக் கேட்டியா இல்லியா? ஸ்ஸ்ஸுன்னு மூச்சு வாங்குறது கேட்டுதா இல்லியா? ஒத்தையா இருக்கறவ எதுக்குடா மூச்சு வாங்குறா? தெனமும் இந்த நேரம்தான்."

தம்பி என்று அவர் ஒருவரைத்தான் கூப்பிடுவார். என் வீட்டுக்காரர் பஞ்சாபிலிருந்து வந்திருந்தார். எனக்குத் தெரியாது.

கதவைத் திறந்தேன். அவர் என்னைப் பார்க்கவில்லை. கட்டிலுக்கடியில் குனிந்து பார்த்தார். டிரங்குப் பெட்டிக்குப் பின்னால் பார்த்தார். தண்ணீர் டிரம்மின் மூடியைத் தூக்கிப் பார்த்தார். டிரம்மில் தண்ணீர் இருந்தது.

"பின்பக்கமா ஓடியிருப்பான்" என்றார் நாத்தனார்.

"பின்பக்கம் செவுரு" என்றார் அவர். "நாந்தான கட்டுனன்."

நாத்தனார் தரையைப் பார்த்தார். பாய், தலகாணி, என் இடுப்பில் அவிழ்ந்து தளர்ந்திருந்த பாவாடை நாடா. அவருக்கு உடனே வேறு விளங்கியது.

"அப்ப கலைக்கிறாடா தம்பி! கவட்டுல தலகாணி வச்சி அமுக்கிக் கலைக்கிறா. நீ வர்ற சேதி தெரிஞ்சி போச்சு இவளுக்கு."

ஆள் இருந்தாலும் குற்றம். ஆள் இல்லை என்றாலும் குற்றம்.

என் வீட்டுக்காரர் கட்டிலில் உட்கார்ந்தார். "என்னா இது?" என்று கேட்டார்.

"வவுத்துத் தச ரெண்டா பிரிஞ்சி கெடக்குதாம். புள்ளைங்க பொறந்தப்போ ஆனது. மூச்சு வுட்டா சேருமாம்."

"மூச்சு வுட்டா?"

"மூச்ச வுட்டு உள்ள இழுக்கணும்."

சொல்லும்போது எனக்கே பொய் மாதிரி இருந்தது. நாத்தனார் சிரித்தார். "ஏண்டி, சுவத்துல வெடிப்பு வுட்டா ஊதியா அடைப்பாங்க? உம் புருசனக் கேளு."

அவர் சிரிக்கவில்லை. பிள்ளைகள் வந்ததும் இரண்டையும் மடியில் வைத்துக்கொண்டார். சாப்பிட்ட பிறகு சொன்னார்.

"புள்ளைங்க ஊருல படிக்கட்டும். அம்மா பாத்துக்கும். அக்கா கூட்டிட்டுப் போவுது. ஞாயித்துக்கெழம ரயிலு. டிக்கெட்டு எடுத்தாச்சு."

"எனக்கு?"

"நீ இரு. பாக்கலாம்."

பாக்கலாம் என்றால் என்ன என்று எனக்குத் தெரியும். எங்கள் சந்திலேயே ஒருத்தியை அப்படித்தான் பார்க்கலாம் என்று விட்டார்கள். அவள் பிள்ளைகளுக்கு இப்போது அவள் முகம் தெரியாது. பையன் தட்டைக் கழுவிக்கொண்டிருந்தான். பொண்ணு மறுநாளைக்குப் பென்சில் சீவிக்கொண்டிருந்தது. இரண்டுக்கும் இன்னும் சொல்லவில்லை.

நான் அழவில்லை. சண்டை போடவும் இல்லை. சண்டை போட்டால் அதையும் சேர்த்துக்கொள்வார்கள்.

"சனிக்கெழம என்கூட ஆஸ்பத்திரிக்கு வாங்க" என்றேன். "அண்ணியும் வரட்டும். அப்புறம் ஞாயித்துக்கெழம என்னா பண்ணணுமோ பண்ணுங்க."

அப்படித்தான் நான்கு பேர் அந்த அறைக்கு வந்தோம். கட்டிலில் நான், கால்மாட்டில் அவர், கதவோரம் நாத்தனார், வலப் பக்கம் வெள்ளைக் கோட்டுப் பெண்.

வரும் வழியெல்லாம் எனக்கு ஒரே யோசனை. இந்தப் பெண் இன்றைக்கு லீவு போட்டிருந்தால்? இருந்தும், ஆம்பளை உள்ளே வரக்கூடாது என்றால்? நாத்தனாருக்கு இந்தி நன்றாகத் தெரியும். அவர் முந்திக்கொண்டு ஏதாவது சொல்லிவிட்டால்? அவள் இருந்தாள். என் வீட்டுக்காரரையும் உள்ளே விட்டாள்.

தலையைத் தூக்கச் சொன்னாள். தூக்கினேன். விரல் வைத்தாள்.

"தீன்" என்றாள். "பெஹலே சார் தா." முன்பு நான்கு, இப்போது மூன்று.

நாத்தனார் வாயிலிருந்து முந்தானையை எடுத்துவிட்டுப் பேசினார். "அவ விரலு அவ சொல்றா. இவளும் அவளும் கூட்டு."

வெள்ளைக் கோட்டுக்குத் தமிழ் தெரியாது. ஆனால் குரல் புரிந்திருக்க வேண்டும். என் வீட்டுக்காரரைப் பார்த்து, நீங்களே வைத்துப் பாருங்கள் என்றாள்.

அவர் அக்காவைப் பார்த்தார். அக்கா முன்னால் என்னைத் தொட்டதில்லை. கையைச் சட்டையில் துடைத்தார். மறுபடி துடைத்தார். அந்தக் கையில் சிமெண்ட் போகவே போகாது. அந்தப் பெண் காட்டின இடத்தில் விரலை வைத்தார். பூச்சு காய்ந்திருக்கிறதா என்று பார்ப்பதுபோல அமுக்கினார். நான் தலையைத் தூக்கியே வைத்திருந்தேன். கழுத்து நடுங்கியது.

விரலை இந்தப் பக்கம் நகர்த்தினார். அந்தப் பக்கம் நகர்த்தினார்.

"ரெண்டு பக்கமும் செவுரு கெட்டியா இருக்குது" என்றார். "நடுவுலதான் பூச்சு இல்ல." விரலை எடுத்துவிட்டு, "உள்ள யாரும் இல்லக்கா" என்றார்.

"கைய வச்சா தெரிஞ்சிருமா? நவுரு. நான் பாக்குறன்."

நாத்தனார் வந்தார். சந்தில் எத்தனையோ பிரசவம் பார்த்தவர். அவர் விரல் என் தசையைத் தேடவில்லை. தலை எங்கே, முதுகு எங்கே என்று தேடியது. அடிவயிற்றில் குத்தினார். பக்கத்தில் தள்ளினார். வலித்தது. தேடட்டும்.

கிடைக்கவில்லை. கை மேலே வந்தது. தொப்புளுக்கு மேல் அந்தச் சந்தில் விழுந்தது. அங்கேயே நின்றது.

அவர் முகம் மாறியதை நான் பார்த்தேன். கையை எடுத்தார். எடுத்த கை அவருக்கே தெரியாமல் அவர் வயிற்றில் போய், சேலைக்கு மேலே நின்றது.

"சரி, போலாம்" என்றார்.

திரும்பும்போது பஸ்ஸில் ஒரு சர்தார்ஜி எனக்கு எழுந்து இடம் கொடுத்தார். நான் உட்காரவில்லை. என் வீட்டுக்காரர் என்னைப் பார்த்தார், சர்தார்ஜியைப் பார்த்தார்.

"உக்காரு" என்றார்.

உட்கார்ந்தேன்.

சரோஜினி நகரில் அவர் மட்டும் இறங்கினார். அங்கே ரயில் ரிசர்வேஷன் கவுண்டர் உண்டு. பொழுது சாய வீட்டுக்கு வந்தார். டிக்கெட்டைத் திருப்பிக் கொடுத்தாரா, எனக்குத் தெரியவில்லை. ஞாயிற்றுக்கிழமை ரயில் நேரம் முடிகிற வரைக்கும் நான் பிள்ளைகளை வெளியே விடவில்லை. வயிற்றுவலி, கூட இருங்கள் என்று சொல்லி வைத்துக்கொண்டேன். ரயில் போயிருக்கும் என்று தெரிந்த பிறகு விளையாட விட்டேன்.

அதற்குப் பிறகு அவர் வெளியூர் வேலைக்குப் போகவில்லை. என்மேல் இருந்த பிரியமா, காவலா, இன்றுவரை எனக்குத் தெரியாது. கேட்டால் இரண்டில் ஒன்றைச் சொல்வார். அது உண்மையா என்று அப்புறம் யோசிக்க வேண்டும்.

நான் மத்தியான மூச்சை விடவில்லை. இப்போது கதவைச் சாத்தாமல் செய்தேன்.

மழைக்காலம் வந்துவிட்டது. ஒரு மத்தியானம் நாத்தனார் வாசலில் வந்து நின்றார். நான் பாயில் இருந்தேன். அவர் முதலில் டிரம்மைப் பார்த்தார். எனக்குப் பழைய எரிச்சல் வந்தது.

"தம்பி இல்லியா?"

"வேலைக்குப் போயிருக்காரு."

"புள்ளைங்க?"

"பள்ளிக்கூடம்."

உள்ளே வந்தார். கதவைச் சாத்தினார். தாழ் போட்டார். என்ன தேட வந்திருக்கிறார் என்று நான் பார்த்துக்கொண்டிருந்தேன். எழுந்திரு என்று கையைக் காட்டினார். எழுந்தேன். என் பாயில் அவர் படுத்தார்.

சேலையை விலக்கினார். உள்ளே ஒரு கட்டு. பழுத்துப்போன நூல் சேலை, கயிறாக முறுக்கி வயிற்றைச் சுற்றியிருந்தது. முடிச்சு அவிழ நேரமானது. அடியில் தோல் கறுத்துத் தழும்பேறியிருந்தது.

"இது எப்பலேருந்து அண்ணி?"

"கடசிப் பய பொறந்ததுலேருந்து."

கடைசிப் பையனுக்குக் கல்யாணமாகிவிட்டது.

அவர் வயிறும் எப்போதும் பெரிதுதான். அவர் புருஷன் வீட்டிலேயே இருந்தார். அதனால் அதை யாரும் எண்ணவில்லை.

"பாத்துக்கிட்டு நிக்காத. வெரல வையி."

"தலையத் தூக்குங்க."

"தலைய எதுக்குடி?"

"தூக்குங்க அண்ணி."

தூக்கினார். முகடு எழுந்தது. மீன் முதுகு. நான் விரலை நட்டு வைத்தேன். அவர் என் விரலைப் பார்க்கவில்லை. என் முகத்தையே பார்த்தார்.

"எத்தினி?"

நான் இன்னொரு தடவை வைத்துப் பார்த்தேன்.

"கூட்டிச் சொல்லாத" என்றார்.

கூட்டவில்லை. குறைக்கவும் இல்லை.

நாலு.